வீட்டு பிரிண்டர்லயே துணியில டிசைன் போட்டு தைக்கலாம், ஆனா முதல்ல இங்க்கைப் பாருங்க

துணியில சொந்தமா டிசைன் பிரிண்ட் பண்ணி பவுச், குஷன் கவர், பை எல்லாம் தைக்கணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல கேக்குறது எந்தத் துணி வாங்கலாம், எந்த ஆப்ல டிசைன் பண்ணலாம்னுதான். அதெல்லாம் அப்புறம். முதல்ல உங்க வீட்டு பிரிண்டருக்குள்ள எந்த இங்க் ஓடுதுன்னு தெரிஞ்சுக்கங்க, ஏன்னா தைச்சு முடிச்ச பையை ஒரு தடவை தண்ணியில நனைச்சதும் கலர் அப்படியே ஓடிப்போச்சுன்னு வருத்தப்படுறவங்கள்ல பல பேருக்கு காரணம் இங்க்தான், துணியும் இல்ல டிசைனும் இல்ல.

இங்க்ஜெட் பிரிண்டர்ல ரெண்டு வகை இங்க் வரும். ஒண்ணு டை இங்க், சாயம் தண்ணியில கரைஞ்சு இருக்கும், போட்டோ பேப்பர்ல பளிச்சுன்னு வரும், ஆனா காட்டன் துணியில பிடிச்சு நிக்காது, தண்ணி பட்டா திரும்பக் கரைஞ்சு கிளம்பிடும். இன்னொண்ணு பிக்மெண்ட் இங்க், இதுல கலர் பொடி பொடியா மிதக்கும், காஞ்சதும் நூல்ல போய் ஒட்டிக்கும், தண்ணிக்கு ஓரளவு நல்லாவே தாங்கும். எப்சன்ல டியூராபிரைட்னு பேர் போட்டிருந்தா அது பிக்மெண்ட். கேனன் ஜி சீரிஸ் டேங்க் பிரிண்டர் நம்ம சிங்கப்பூர்ல நிறைய வீட்ல இருக்கு, அந்த மாதிரி பல மாடல்ல கருப்பு மட்டும் பிக்மெண்ட், மத்த மூணு கலரும் டை. அதனாலதான் சிலருக்கு கருப்புக் கோடு அப்படியே நிக்குது, சிவப்பு மட்டும் ரோஸ் ஆகிடுது.

மாடல் நம்பரைத் தேடிப் படிக்க பொறுமை இல்லையா, இப்படிப் பண்ணுங்க. சாதாரண பேப்பர்ல கருப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள்னு நாலு கட்டம் பிரிண்ட் எடுத்து ஒரு நாள் முழுக்க காய விடுங்க. மறுநாள் ஒவ்வொரு கட்டத்து ஓரத்துலயும் ஒரு சொட்டு தண்ணி விட்டு ஒரு நிமிஷம் கழிச்சு டிஷ்யூவால ஒத்தி எடுங்க. டை இங்க்னா சொட்டைச் சுத்தி கலர் வட்டமா பரவும், டிஷ்யூலயும் ஏறும். பிக்மெண்ட்னா கட்டத்து ஓரம் கலையாம அப்படியே இருக்கும். இந்தச் சின்ன டெஸ்ட்டைப் பண்ணாம துணி வாங்க கிளம்பாதீங்க.

டை இங்க்தான்னு தெரிஞ்சா புது பிரிண்டர் வாங்க வேண்டியதில்ல. பபுள் ஜெட் செட் 2000னு ஒரு திரவம் ஆன்லைன்ல கிடைக்கும், துணியை அதுல 5 நிமிஷம் ஊறப்போட்டு, பிழியாம காய வச்சு, அப்புறம் பிரிண்ட் பண்ணணும், பண்ணி அரை மணி நேரமாவது விட்டுட்டுத்தான் அலசணும். டை இங்க்கை காட்டன்ல பிடிக்க வைக்கிறதுக்குன்னே வந்த சரக்கு அது. இல்லன்னா ஏற்கனவே மருந்து போட்டு பின்னாடி பேப்பர் ஒட்டி ஏ4 சைஸ்ல வர்ற துணி ஷீட் வாங்கலாம், விலை கொஞ்சம் கூட, ஆனா முதல் தடவை பண்றவங்களுக்கு அது நிம்மதி. வினிகர்ல ஊற வச்சா கலர் நிக்கும்னு நிறையப் பேர் சொல்றாங்க, நம்பாதீங்க. பட்டு, கம்பளி மாதிரி துணிகளுக்குப் போடுற ஆசிட் டைக்குத்தான் வினிகர் உதவும். காட்டன்ல இங்க்ஜெட் இங்க்குக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல, வீடு பூரா ஊறுகாய் வாசம் அடிக்கிறதுதான் மிச்சம்.

லேசர் பிரிண்டர் வச்சிருக்கீங்கன்னா இந்த முறையை அதுல செய்யவே செய்யாதீங்க, உள்ள ஹீட் ரோலர் இருக்கு, நாம துணிக்குப் பின்னாடி ஒட்டப்போற பேப்பர்ல இருக்கிற பிளாஸ்டிக் பூச்சு உருகி உள்ளயே ஒட்டிக்கும்.

சரி, இப்ப துணி. வெள்ளை இல்லன்னா இளம் க்ரீம், 100 சதவீதம் காட்டன், நெசவு நெருக்கமா இருக்கணும். பாப்லின் நல்லா வரும், கேம்ப்ரிக்கும் நல்லா வரும். மல் காட்டன் மாதிரி லூசா நெய்ததுல கோடு கசியும். கேன்வாஸ் ரொம்ப தடிமன், பிரிண்டர் இழுக்காது. அராப் ஸ்ட்ரீட்ல துணிக் கடைங்க வரிசையா இருக்கு, சைனாடவுன்ல பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ்லயும் மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க, ஸ்பாட்லைட்ங்கிற கைவினைக் கடையில க்வில்ட் (துண்டுத் துணி சேர்த்துத் தைக்கிற போர்வை) துணி கிடைக்கும். கடையில துணியை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, நூலுக்கு நடுவுல பொட்டுப் பொட்டா வெளிச்சம் தெரிஞ்சா வேண்டாம்.

வாங்கிட்டு வந்ததும் சோப்பு போட்டு வெந்நீர்ல துவைச்சிடுங்க, சாஃப்ட்னர் போடாதீங்க. புதுத் துணியில கஞ்சி இருக்கும், அது மேல இங்க் உக்காந்தா துவைக்கும்போது கஞ்சியோட சேர்ந்து போயிடும், அதோட சுருங்க வேண்டியது எல்லாம் தைக்கிறதுக்கு முன்னாடியே சுருங்கிடணும்.

அடுத்தது ஃப்ரீசர் பேப்பர், துணி துவளாம பிரிண்டருக்குள்ள போறதுக்கு அதோட பின்னாடி ஒட்டுற தாள். இதுல நம்ம ஆளுங்களுக்கு ஒரு குழப்பம் இருக்கு, கேக் செய்யுற பேக்கிங் பேப்பரை வாங்கிட்டு வந்து ஒட்டவே மாட்டேங்குதுன்னு சொல்வாங்க. ஒட்டாது, அதுல சிலிக்கான் பூச்சு, ஒட்டக்கூடாதுன்னே செஞ்சது. மெழுகு பேப்பரும் வேண்டாம், மெழுகு துணியில இறங்கிடும். ஃப்ரீசர் பேப்பர்ல ஒரு பக்கம் சாதா பேப்பர், மறுபக்கம் பளபளன்னு மெல்லிசான பிளாஸ்டிக். அந்தப் பளபளப்புப் பக்கத்தை துணி மேல வச்சு அயன் பண்ணினா தற்காலிகமா ஒட்டிக்கும், உரிச்சா கறை இல்லாம வந்துடும். ஆன்லைன்ல தேடினா ரோலாவும் கிடைக்கும், ஏ4 அளவுல வெட்டினதும் கிடைக்கும், வெட்டினதையே வாங்குங்க, ரோல்ல இருந்து வெட்டினது சுருண்டு சுருண்டு உயிரை வாங்கும். கிடைக்கலன்னா பாப்புலர் புத்தகக் கடையில முழு ஏ4 ஸ்டிக்கர் ஷீட் வாங்கி துணியை அதுல ஒட்டியும் பண்ணலாம், ஆனா பிரிண்ட் ஆனதும் சீக்கிரம் உரிச்சிடணும், நாள் கணக்குல விட்டா பசை துணியிலயே தங்கிடும்.

ஒட்டுற முறைதான் இதுல பாதி வேலை. துணியை ஏ4ஐ விட எல்லாப் பக்கமும் ஒரு விரல் அளவு பெருசா வெட்டுங்க. அயன் பாக்ஸ்ல தண்ணியைக் கொட்டிடுங்க, நீராவி ஆகாது. மிதமான சூட்ல பேப்பரோட நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்குத் தள்ளிட்டே வாங்க, அப்பதான் காத்துக் குமிழி வெளிய போகும். திருப்பிப் போட்டு துணிப் பக்கமும் ஒரு தடவை. ஆறினதும் பேப்பர் அளவுக்கு ஓரத்தை ரோட்டரி கட்டரும் (உருட்டி வெட்டுற சக்கர பிளேடு) ஸ்கேலும் வச்சு வெட்டுங்க, கத்திரிக்கோல்ல வெட்டினா நூல் பிசிறும். ஒரே ஒரு நூல் நீட்டிட்டு இருந்தாலும் அது பிரிண்ட் ஹெட்ல சிக்கி ஷீட் முழுக்க ஒரு இழுப்புக் கோடு போட்டுடும், அதனால ஓரம் நாலையும் கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க, துணி மேல பிசிறு, தூசி எடுக்கிற லின்ட் ரோலரும் ஒரு தடவை உருட்டுங்க. பிரிண்டர்ல முதல்ல போற ஓரத்துல மட்டும் மெல்லிசான டேப்பை முன்னாடியும் பின்னாடியும் மடிச்சு ஒட்டினா துணியும் பேப்பரும் பிரியாம உள்ள போகும்.

இங்க சிங்கப்பூருக்குன்னே ஒரு விஷயம் சொல்லணும். நம்ம ஊர்ல காத்துல ஈரப்பதம் வருஷ சராசரியே 80 சதவீதத்துக்கு மேல. ஒட்டி வச்ச ஷீட்டை அலமாரியில வச்சுட்டு ரெண்டு நாள் கழிச்சு எடுத்தா துணி ஈரம் இழுத்து ஓரம் ஓரமா எழும்பி இருக்கும், அப்படியே பிரிண்டர்ல விட்டா மாட்டிக்கும். மழை நாள்ல இன்னும் மோசம். அதனால மொத்தமா ஒட்டி ஸ்டாக் வைக்காதீங்க, பிரிண்ட் பண்ணப் போறதுக்கு சரியா முன்னாடி ஒட்டுங்க, ஏர்கான் ஓடுற ரூம்ல பண்ண முடிஞ்சா அங்கயே பண்ணுங்க.

டிசைன் என்ன போடலாம்? இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வீட்ல இருக்கிறதையே எடுக்கிறது. அம்மாவோட கோல நோட்டு, பாட்டி கைப்பட எழுதின ரசப்பொடி கணக்கு, பிள்ளைங்க கிரேயான்ல கிறுக்கின மீனு, ஜூ சியாட் பக்கம் பழைய கடைவீடுகள்ல இருக்கிற டைல்ஸை நீங்களே எடுத்த போட்டோ, இதெல்லாம் கடையில எவ்வளவு காசு குடுத்தாலும் கிடைக்காத துணி. கார்ட்டூன் பொம்மை, இணையத்துல யாரோ வரைஞ்ச படம் இதையெல்லாம் பிரிண்ட் பண்ணி பஜார்ல விக்கணும்னு மட்டும் நினைக்காதீங்க, இங்க 2021 பதிப்புரிமைச் சட்டம் இருக்கு, அதைவிட அடுத்தவங்க உழைப்பு அது.

நோட்டுப் பக்கத்தை ஸ்கேன் பண்ணும்போது 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) வச்சுக்கங்க, ஏ4 முழுக்க வரணும்னா 2480க்கு 3508 பிக்சல். துணி நெசவே கொஞ்சம் மங்கலாக்கும், அதனால 200 இருந்தாலும் ஓடும். ஊர்ல இருக்கிற சித்திகிட்ட பாட்டி நோட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னா வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாம டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க, போட்டோவா வந்தா அது அமுக்கி சின்னதாக்கிடும், எழுத்தோட ஓரம் எல்லாம் கொசகொசன்னு ஆகிடும். பழுப்பேறின தாளோட நிறம் வேண்டாம்னா கான்ட்ராஸ்ட்டை ஏத்தி பின்னணியை வெள்ளையாக்குங்க, எனக்கு அந்தப் பழுப்பும் எண்ணெய்க் கறையும் இருந்தாத்தான் பிடிக்கும், அது உங்க இஷ்டம். கலரை மட்டும் ஸ்கிரீன்ல பாக்குறதை விட ஒரு படி அழுத்தமா வைங்க, துணியில எப்பவுமே கொஞ்சம் வெளிறித்தான் வரும், முதல் அலசல்ல இன்னும் கொஞ்சம் போகும்.

தைக்கிறவங்க மறக்கிற இடம் ஒண்ணு இருக்கு. பவுச்சுக்கு துணியை ஒரே துண்டா வெட்டி அடியில மடிச்சுத் தைப்போம் இல்லையா, அப்ப ஒரு பக்கம் படம் நேரா இருக்கும், பின்பக்கம் தலைகீழா தொங்கும். கோலம்னா தெரியாது, எழுத்துன்னா அசிங்கமா தெரியும். அதனால டிசைன் போடும்போதே ஏ4ஐ நடுவுல கோடு போட்டு ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிப் படத்தை 180 டிகிரி திருப்பி, ரெண்டு படத்தோட கால்மாடும் அந்த நடுக்கோட்டைப் பாக்குற மாதிரி வைங்க. சுத்தி தையலுக்கு 1 செ.மீ. சும்மா விடுங்க, பிரிண்டரும் ஓரம் வரைக்கும் போடாது. பிரிண்ட் குடுக்கும்போது பக்கத்துக்கு ஏத்த மாதிரி சுருக்குங்கிற ஆப்ஷனை எடுத்துட்டு 100 சதவீதம்னு வைங்க, இல்லன்னா அளவெடுத்துப் போட்டதெல்லாம் வீண்.

பிரிண்டருக்குள்ள துணி விடுறது கம்பெனி சொல்ற உபயோகம் இல்ல, அதையும் தெரிஞ்சுக்கிட்டே செய்ங்க. பின்பக்கம் மேல இருந்து பேப்பர் போடுற டிரே இருக்கிற பிரிண்டர்தான் இதுக்கு வசதி, அடியில இருக்கிற டிரேன்னா ஷீட் உள்ள போய் வளைஞ்சு திரும்பி வரணும், அந்த வளைவுலதான் துணி பிரியும். எந்தப் பக்கம் இங்க் விழும்னு சந்தேகம் இருந்தா பேப்பர்ல பென்சிலால ஒரு பெருக்கல் குறி போட்டு விட்டுப் பாருங்க. ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு ஷீட். பிரிண்ட் குடுத்துட்டு வேற வேலை பாக்கப் போகாதீங்க, முன் ஓரம் ரோலருக்குள்ள போற அந்த ரெண்டு செகண்ட் கையால மெதுவா தாங்கிப் பிடிங்க, தள்ளக்கூடாது, வளையாம இருந்தா போதும். கரக்னு சத்தம் வந்து கோணலா இழுத்தா உடனே கேன்சல் பண்ணிடுங்க. குவாலிட்டியை ஹை வைங்க, பேப்பர் வகை மேட் போட்டோனு வச்சா பல பிரிண்டர்ல இங்க் கொஞ்சம் தாராளமா விழும். ரொம்ப விழுந்து கசிஞ்சா சாதா பேப்பருக்கு மாத்துங்க. இதுக்கு விதி எதுவும் கிடையாது, உங்க பிரிண்டருக்கு எது ஒத்து வருதுன்னு துண்டுத் துணியில பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

வெளிய வந்ததும் தொட்டுப் பாக்க கை துறுதுறுங்கும், தொடாதீங்க. பேப்பரோடவே ஒரு நாள் காயட்டும். மருந்து போட்ட துணின்னா அந்தப் பாக்கெட்ல போட்டிருக்கிறபடி செய்ங்க, சிலதுல நேரம் வேற. அப்புறம் பேப்பரை உரிச்சுட்டு, பிரிண்ட் மேல பேக்கிங் பேப்பரை வச்சு, நீராவி இல்லாம காட்டன் சூட்ல அயன் பண்ணுங்க, ஒரே இடத்துல வச்சு அமுக்காம நகர்த்திட்டே இருங்க. இதுக்கு அப்புறம்தான் அலசல். ஒரு அகலமான பேசின்ல பச்சைத் தண்ணி நிறைய எடுத்து, மென்மையான சோப்பு நீர் ரெண்டு சொட்டு விட்டு, துணியை விரிச்ச மாதிரியே படம் மேல பாக்க முக்கி லேசா ஆட்டுங்க. பிடிக்காத இங்க் கொஞ்சம் வெளிய வரும், அது வரட்டும். மடிக்கிறது, கசக்குறது, பிழியுறது மட்டும் கூடாது, அப்படிப் பண்ணினா வெளிய வந்த இங்க் வெள்ளை இடத்துல போய் உக்காந்துக்கும், அதை எடுக்கவே முடியாது. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் மாத்திட்டு, பழைய துண்டு மேல விரிச்சுக் காய வைங்க. ஜன்னலுக்கு வெளிய மூங்கில் கம்புல போடாதீங்க, நம்ம வெயில் எந்த இங்க்கையும் சும்மா விடாது, சர்வீஸ் யார்ட்லயே நிழல்ல காயட்டும்.

இவ்வளவு பண்ணினாலும் கடையில வாங்குற அச்சுத் துணி மாதிரி இது வாரா வாரம் மெஷின்ல துவைக்கத் தாங்காது. அதைத் தெரிஞ்சுக்கிட்டு எதுல தைக்கிறதுன்னு தேர்ந்தெடுத்தா நீங்க ஏமாற மாட்டீங்க. ஜிப் பவுச், தீபாவளிக்குப் பணம் வச்சுக் குடுக்கிற அங்பாவ் உறை, நவராத்திரி தாம்பூலப் பை, சுவர்ல மாட்டுறது, க்வில்ட் பின்னாடி பேர் எழுதி ஒட்டுற துண்டு, சட்டைப் பையில ஒரு சின்னப் படம், இதெல்லாம் அருமையா வரும். தலையணை உறை, குழந்தை பிப், கைத்துண்டு, இதுக்கெல்லாம் வேண்டாம். பவுச்சுக்குப் பின்னாடி மெல்லிசான ஒட்டு கேன்வாஸ் வச்சு அயன் பண்ணிட்டா துணி நிமிர்ந்து நிக்கும், தையல் மெஷின் ஊசி 80 நம்பர் போதும், அயன் எப்பவும் பின்பக்கமா.

இப்ப எங்க ப்ளாக்ல இருக்கிற ஒரு அக்கா கேட்ட கேள்விக்கு வர்றேன், "ஏம்மா, என் மெரூன் துணியில வெள்ளைக் கோலம் வரணும், உன் பிரிண்டர்ல ஆகுமா?"ன்னு. ஆகாதுக்கா. வீட்டு இங்க்ஜெட்ல வெள்ளை இங்க்கே கிடையாது, வெள்ளைன்னு நாம பாக்குறது பேப்பரோட வெள்ளை, மெரூன் மேல எந்தக் கலர் போட்டாலும் முங்கிடும். கருந்துணிக்குன்னு ட்ரான்ஸ்ஃபர் ஷீட் விக்குது, அயன் பண்ணி ஒட்டலாம், ஆனா அது மேல பிளாஸ்டிக் தகடு ஒட்டின மாதிரி இருக்கும், கொஞ்ச நாள்ல வெடிப்பு விடும். சூட்டால கலரை ஏத்துற சப்ளிமேஷன் முறையும் கருப்புல வராது, அது பாலியெஸ்டருக்கு மட்டும், அதுவும் வெளிர் நிறத்துக்கு. கருந்துணிக்கு என் ஓட்டு அதே ஃப்ரீசர் பேப்பர்ல ஸ்டென்சில் வெட்டி துணிப் பெயின்ட் போடுறதுக்குத்தான்.

ஃப்ரீசர் பேப்பரோட சாதாப் பக்கத்துல கோலத்தை பிரிண்ட் பண்ணுங்க இல்ல கையால வரைங்க, கோடு 4 மி.மீ. அகலமாவது இருக்கட்டும். கண்ணாடி மாதிரி திருப்ப வேண்டியதில்ல, வரைஞ்ச பக்கம் மேல இருக்கத்தான் ஒட்டப்போறோம். கட்டிங் மேட் மேல வச்சு புது பிளேடு போட்ட கத்தியால கோட்டை மட்டும் வெட்டி எடுக்கணும். சிக்குக் கோலத்துல சிக்கல் என்னன்னா கோடு முழுக்கச் சுத்தி வளைஞ்சு போறதால உள்ள இருக்கிற ஒவ்வொரு துண்டும் தனித் தீவா கழண்டுடும். அதனால வெட்டுறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு தீவுலயும் பென்சிலால நம்பர் போடுங்க, அதே நம்பர் போட்ட இன்னொரு நகலைப் பக்கத்துல வச்சுக்கங்க. முதல்ல வெளிச்சட்டத்தை துணியில வச்சு அயன் பண்ணுங்க. வெட்டி எடுத்த கோட்டுத் துண்டை அதுக்குள்ள திரும்பப் பொருத்தி வச்சா தீவுங்க எல்லாம் தானா சரியான இடத்துல உக்காரும், ட்வீசரால ஒவ்வொண்ணா வச்சு அயன் முனையால அமுக்குங்க, எல்லாம் ஒட்டினதும் அந்தக் கோட்டுத் துண்டை உரிச்சு எடுத்துடுங்க. மெரூன் கோடு மட்டும் திறந்து நிக்கும். முதல் தடவைக்கு அஞ்சு புள்ளிக்கு மேல போகாதீங்க.

பெயின்ட் வாங்கும்போது ஒபேக்னு (அடிக் கலரை மறைக்கிறது) போட்ட வெள்ளையா பாத்து வாங்குங்க, பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ்ல ஆர்ட் ஃப்ரெண்ட்ல கிடைக்கும், சாதா துணிப் பெயின்ட் கருந்துணியில சாம்பல் நிறமாத்தான் தெரியும். துணிக்கு அடியில ஒரு அட்டை வைங்க, பெயின்ட் ஊறி மறுபக்கம் போகாம இருக்கும். ஸ்பாஞ்சுல கொஞ்சமா எடுத்து, வேற பேப்பர்ல ரெண்டு தட்டு தட்டி அதிகமானதைக் குறைச்சுட்டு, அப்புறம் நேரா மேல இருந்து கீழ ஒத்துங்க, தேய்க்காதீங்க, தேய்ச்சா ஓரத்துக்கு அடியில போயிடும். மெல்லிசா ஒரு தடவை, காஞ்சதும் மெல்லிசா இன்னொரு தடவை, வெள்ளைக்கு மூணாவதும் தேவைப்படலாம். கடைசிப் பூச்சு தொட்டா ஒட்டாத பதத்துக்கு வந்ததும் பேப்பரை உரிங்க, தீவுகளை ட்வீசரால தூக்குங்க. ஒரு நாள் காஞ்சப்புறம் மேல ஒரு மெல்லிய துணி போட்டு, பெயின்ட் பாட்டில்ல எத்தனை நிமிஷம்னு போட்டிருக்கோ அத்தனை நிமிஷம் அயன் பண்ணுங்க. அந்தச் சூடு சரியா ஏறினா இது இங்க்ஜெட் பிரிண்ட்டை விட துவைக்க நல்லாவே தாங்கும், குஷன் கவர் தைக்கிறதா இருந்தா கருந்துணி, வெள்ளைத்துணி எதுவா இருந்தாலும் இந்த முறையிலயே போட்டுடுங்க.